பௌபஜாரில் ஒரு பெயர்ப்பலகை



'பொறுப்பு' என்னும் சொல் 'பொறு' என்னும் வினையடியாகப் பிறந்தது. தாங்குதல், சுமத்தல் என்பன அதன் முதற்பொருள். ஆயினும் அன்றாட வழக்கில் நாம் அச்சொல்லை இரண்டு இடங்களிலேதான் மிகுதியாக ஆள்கிறோம். ஏதேனும் கெட்டுப்போனால், "இதற்கு யார் பொறுப்பு?" என்று கேட்கிறோம்; அங்கே அது பழியைக் குறிக்கிறது. ஒருவர் பதவியில் அமர்ந்தால், "பொறுப்பேற்றார்" என்று எழுதுகிறோம். அங்கே அது நாற்காலியைக் குறிக்கிறது. பழியும் இன்றிப் பதவியும் இன்றி, எவரும் ஏவாத ஒரு வேலையை ஒருவர் தாமே தம் தோளில் ஏற்றிக்கொள்வதற்கும் அச்சொல்லே உரியது என்பதை ஏறக்குறைய மறந்துவிட்டோம். அந்த மூன்றாம் பொருளைப்பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

எழுதத் தூண்டியது ஒரு கேள்வி. சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, ஆராய்ச்சி மாணவராகப் புதிதாய்ச் சேர்ந்த தம்பி ஒருவர் என்னிடம் மனம் விட்டுப் பேசினார். "அண்ணா, இங்கு வந்து எட்டு மாதம் ஆயிற்று. இன்னும் எனக்குத் தலைப்புக் கொடுக்கவில்லை. கருவி வேண்டும் என்றால் 'பார்க்கலாம்' என்கிறார்கள். வங்காளமும் எனக்குப் பேச வராது. ஊருக்கே திரும்பி ஏதாவது தேர்வு எழுதி வேலைக்குப் போய்விடலாமா என்று இருக்கிறது. மேலே இருப்பவர்கள் ஒன்றும் செய்யாதபோது நான் மட்டும் என்ன செய்ய முடியும்?" என்றார். அவருடைய வீட்டில் அவர் சம்பளத்தை எதிர்பார்த்து இருவர் இருக்கின்றனர் என்பதை நான் அறிவேன். ஆதலால் இது வெறும் சோம்பலின் பேச்சன்று. 'முயற்சி செய், தம்பி' என்று முதுகில் தட்டி அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. இதே நகரத்தில், நாம் நாள்தோறும் நடக்கும் தெருக்களில் நிகழ்ந்த ஒரு வரலாற்றை அவருக்குச் சொன்னேன். அதையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

காலேஜ் தெருவிலிருந்து தெற்கே நடந்தால் பௌபஜார் தெரு குறுக்கிடும். இன்று அதற்குப் பிபின் பிகாரி கங்கூலி தெரு என்று பெயர். அதில் 210ஆம் எண்ணுள்ள இடத்தில் இப்போது ஒரு வணிகக் கல்லூரி நிற்கிறது. முன்பு அங்கேதான் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் அதனை 1876ஆம் ஆண்டில் நிறுவினார். இந்தியர்கள் தங்கள் பொருளைக் கொண்டு, தங்கள் மேற்பார்வையில், அறிவியல் ஆராய்ச்சி நடத்த ஓர் இடம் வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்காகப் பல ஆண்டுகள் எழுதியும் பேசியும் நன்கொடை திரட்டினார். கட்டடம் எழுந்தது, கருவிகள் வந்தன, சொற்பொழிவுகள் நடந்தன, கேட்கவும் மக்கள் திரண்டனர். ஆனால் அவர் எதிர்பார்த்தபடி ஆய்வுக்கூடத்தில் தம் வாழ்நாளைச் செலவிட இளைஞர்கள் முன்வரவில்லை. அந்தக் குறை மனத்தில் இருக்கவே அவர் 1904இல் காலமானார்.

மூன்று ஆண்டுகள் சென்றன. 1907ஆம் ஆண்டின் நடுவில், பதினெட்டு வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் தம் இளம் மனைவியுடன் கல்கத்தாவுக்கு வந்து, பௌபஜாரை ஒட்டிய ஸ்காட் சந்தில் குடியேறினார். அரசாங்கத்தின் நிதித்துறைத் தேர்வில் முதலாவதாகத் தேறி, உதவி அக்கௌண்டண்ட் ஜெனரலாக நியமனம் பெற்றவர் அவர். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வேங்கட ராமன்தான் அவர் என்று நீங்கள் இதற்குள் உணர்ந்திருப்பீர்கள். நோபல் பரிசு பெற்ற ராமனை நாம் அனைவரும் அறிவோம். பள்ளிப் பாடத்தில் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். நான் சொல்ல வந்தது பரிசுக்கு நெடுங்காலம் முந்திய ராமனை. கணக்கர் அலுவலகத்து ராமனை.

ஒருநாள் டிராம் வண்டியில் செல்கையில் அக்கழகத்தின் பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. அலுவல் முடிந்து அங்கே சென்றார். கழகத்தில் பணியாற்றிய ஆசுதோஷ் டே என்பவர் அவரை எதிர்கொண்டு, மகேந்திரலாலின் புதல்வரும் செயலாளருமான அமிர்தலாலிடம் அழைத்துச் சென்றார். ஓய்வு நேரத்தில் இங்கே ஆராய்ச்சி செய்யலாமா என்பதே ராமனின் கேள்வி. அமிர்தலால் மகிழ்ந்து இடம் கொடுத்தார்.

இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பெயர்ப்பலகை ராமனுக்காக அன்று காலையில் மாட்டப்பட்டதன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்நிறுவனம் அங்கேயே இருந்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பட்டதாரிகள் எத்தனையோ பேர் அவ்வழியே போய்வந்தனர். அவர்களும் அதைப் படித்திருப்பார்கள். அங்கே நடந்த சொற்பொழிவைக் கேட்டுங்கூட இருப்பார்கள். 'இது என் வேலை' என்று அதைப் படித்தவர் அரியர். இந்த வேற்றுமையைத்தான் நான் பொறுப்பு என்கிறேன். ராமனுக்கு அந்த நகரம் புதிது. வங்காள மொழியும் புதிது. கை நிறையச் சம்பளம் தரும் பதவியும் இருந்தது. ஆராய்ச்சி செய்யவில்லை என்று அவரை எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். நாம் செய்யாவிட்டால் எவரும் கேட்காத வேலையை நாம் எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் ஒருவரின் இயல்பு வெளிப்படுகிறது என்பது என் துணிபு.

அதன்பின் அவர் நடத்திய நாள் எப்படிப்பட்டது? விடியற்காலை ஐந்தரை மணிக்கே கழகத்திற்குப் போவார். பத்து மணிக்குச் சற்று முன் வீடு திரும்பி, குளித்து, அவசரமாக உண்டு, வண்டி பிடித்து அலுவலகம் செல்வார். மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்திலிருந்து நேரே கழகம். இரவு ஒன்பதரை, பத்து மணிக்கே வீடு. ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆய்வுக்கூடத்தில். இடையில் 1909இல் ரங்கூனுக்கும் 1910இல் நாகபுரிக்கும் மாற்றம் வந்தது. 1911இல் மீண்டும் கல்கத்தா. திரும்பி வந்தபோது கழகத்தை ஒட்டியே வீடு அமைத்துக்கொண்டு, வீட்டிலிருந்து ஆய்வுக்கூடத்திற்கு ஒரு கதவும் வைத்துக்கொண்டார். இவ்வாறு நடந்தது ஒரு மாதமன்று, ஓராண்டன்று. இடமாற்றக் காலம் நீங்கலாக ஏறத்தாழப் பத்து ஆண்டுகள். புத்தாண்டு நாளில் அட்டவணை எழுதிப் பொங்கலுக்குள் கிழித்துப்போடும் நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கும்.

ஒன்றை மறக்கலாகாது. அலுவலகத்து வேலையை அவர் அரைகுறையாகச் செய்துவிட்டு இங்கே வரவில்லை. நிதித்துறையில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது. விருப்பமான வேலைக்காகச் சம்பள வேலையைக் கைவிடுதல் முனைப்பு ஆகாது. ஒரு கடமையின் பொருளைத் திருடி மற்றொன்றுக்கு ஈதல் அது. நம் விடுதியில் நாடகப் பயிற்சியைக் காரணம் காட்டிச் செய்முறை வகுப்புக்குப் போகாத அன்பர்கள் இதைச் சிறிது உள்ளத்தில் கொள்ள வேண்டும். (பெயர் சொல்லவில்லை, அவர்கள் நல்ல நடிகர்கள்.)

இனிக் கருவி இல்லை என்னும் குறைக்கு வருவோம். கழகத்தில் இருந்த கருவிகள் பழையவை, சில. ராமன் எதை ஆராய்ந்தார்? தெருவில் பாடுவோன் கையிலுள்ள ஏக்தாராவை ஆராய்ந்தார். வயலின் கம்பியின் அதிர்வை ஆராய்ந்தார். வில்லை ஒரே வேகத்தில் இழுக்கும் பொறி ஒன்றையும் அமைத்தார். பிறகு நம் மிருதங்கமும் தபலாவும் பிற தோற்கருவிகளைப்போல் வெற்றொலி எழுப்பாமல் சுரம் கூடிய ஒலியைத் தருவது எவ்வாறு என்று ஆராய்ந்தார். தோலின் நடுவே இடும் கரிய பூச்சே அதற்குக் காரணம் என்பதை அவரும் அவர் மாணவரும் 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். மேனாட்டு ஆய்வுக்கூடத்தில் உள்ளது நம்மிடம் இல்லையே என்று ஏங்கி உட்காராமல், நம்மிடம் உள்ளது மேனாட்டாரிடம் இல்லையே என்று பார்த்த கண் அது. 1928 பிப்ரவரி 28ஆம் நாள் புகழ்பெற்ற ஒளிச்சிதறலைக் கண்டபோதும் அவர் பயன்படுத்திய கருவிகள் எளியவை: ஒளி மூலம், வடிகட்டிகள், தூய்மையாக்கிய நீர்மங்கள், கையடக்கமான நிறமாலை நோக்கி. விலை சில நூறு ரூபாய்க்குள் அடங்கும் என்பர்.

தொடக்கமும் இப்படித்தான். சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருக்கும்போதே ஒளியின் விளிம்பு விலகலில் தாம் கண்ட ஒன்றை எழுதி, இலண்டனிலிருந்து வந்த 'பிலசாபிகல் மேகசின்' என்னும் இதழில் 1906இல் வெளியிட்டார். அத்தலைப்பை அவருக்குக் கொடுத்தவர் எவரும் இலர். ஜோன்ஸ் என்னும் பேராசிரியர் அவரைத் தம் விருப்பப்படி ஆய்வுக்கூடத்தில் வேலை செய்ய விட்டிருந்தார். அந்தப் பெருந்தன்மைக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு.

1914இல் சர் ஆசுதோஷ் முகர்ஜி பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவியை ராமனுக்கு அளிக்க விரும்பினார். அப்பதவிக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. ராமன் அதற்கு இசையவில்லை. விதி தளர்த்தப்பட்டது, 1917இல் அரசாங்க வேலையை விட்டுப் பேராசிரியர் ஆனார். சம்பளம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தாம் தெரிந்தெடுத்த வாழ்க்கையின் விலையைத் தாமே கொடுப்பதும் பொறுப்பின் ஒரு பகுதியே. பதினெட்டு வயதில் அவர் வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு ஓடவில்லை என்பதையும் காண்க. பத்து ஆண்டுகள் இரண்டையும் சுமந்து, கையில் சான்று சேர்ந்தபின் ஒன்றை இறக்கி வைத்தார்.

தம் ஆராய்ச்சி நடந்தால் போதும் என்றும் அவர் இருந்துவிடவில்லை. கழகத்தின் பெயரால் ஆய்வுச் செய்தியிதழ் வெளிவரச் செய்தார். 1919இல் அமிர்தலால் மறைந்தபின் செயலாளர் பொறுப்பை ஏற்றார், நிதி தேடினார், 1926இல் இந்திய இயற்பியல் இதழைத் தொடங்கினார். நாட்டின் பல பகுதிகளிலிருந்து மாணவர்கள் அங்கு வந்தனர். அவர்களுள் ஒருவர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். இவ்வளவு செய்தும், அக்கழகத்தின் உறுப்பினரிடையே பிணக்கு மூண்டு, 1934இல் ராமன் கசப்புடன் விலக நேர்ந்தது. பாடுபட்டவனுக்கே அந்த இடம் என்றும் உரியதாகும் என்னும் உறுதி எங்கும் இல்லை. இதனை மறைத்துவிட்டு இளைஞர்க்கு முயற்சியைப் புகட்டுவது நேர்மையாகாது.

நம் சங்கத்தின் புத்தக அலமாரியை நினைத்துக்கொள்கிறேன். மூன்று செயற்குழுக்கள் மாறும்வரை அதன் சாவி எவரிடம் உள்ளது என்பது தெரியாது. ஒவ்வொரு கூட்டத்திலும் 'நூலகத்தைச் சீரமைக்க வேண்டும்' என்று தீர்மானம் மட்டும் நிறைவேறும். முதலாண்டு மாணவி ஒருவர், எந்தப் பதவியிலும் இல்லாதவர், பழைய செயலாளர்களுக்கு ஒவ்வொருவராகக் கடிதம் எழுதிச் சாவியைக் கண்டுபிடித்தார். கரையான் அரித்தவற்றை ஒதுக்கி, மற்றவற்றுக்கு அட்டை போட்டு, பட்டியல் எழுதினார். நல்லது. ஆனால் நான் பாராட்டுவது அதன்பின் அவர் செய்ததை. நூல் வாங்கிச் செல்வோர் கையெழுத்திட ஒரு குறிப்பேடு வைத்து, தாம் ஊருக்குச் செல்லும் நாள்களில் அதனைப் பார்த்துக்கொள்ள இருவரைப் பழக்கினார். ஆர்வத்தில் தொடங்குவது பலருக்கு எளிது. தாம் இல்லாதபோதும் நடக்குமாறு அமைத்துவிட்டுப் போவதே கடினம்.

"ராமனுக்குச் சம்பளம் இருந்தது, அண்ணா" என்று தம்பி சொன்னார். நியாயமான மறுப்பு. இன்னும் சொல்லப்போனால், விடியற்காலையில் வெளியேறி இரவில் திரும்பும் ஒருவரின் வீட்டை நடத்தியவர் லோகசுந்தரி அம்மையார். அப்பத்தாண்டு உழைப்பில் அவர் பங்கும் உண்டு. நூல்களில் அது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. எல்லோருக்கும் அத்தகைய துணையும் வருவாயும் வாய்ப்பதில்லை. ஆதலால் ராமனை மட்டும் காட்டி, 'இவரைப்போல் நீயும் செய்' என்று ஏழை மாணவனிடம் சொல்லுதல் எனக்கு உடன்பாடன்று.

ஆனால் அதே கட்டடத்தில் இன்னொருவரும் இருந்தார் அல்லவா? முதல் நாள் ராமனை எதிர்கொண்ட ஆசுதோஷ் டே. ஆசு பாபு என்று அவரை அழைப்பார்கள். பல்கலைக்கழகப் படியை மிதிக்காதவர், கழகத்தில் உதவியாளர். கருவிகளைத் துடைத்து, பூட்டி, சம்பளம் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அதற்கு மேல் எவரும் அவரிடம் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அவரோ ராமனுடைய சோதனைகள் ஒவ்வொன்றிலும் கலந்துகொண்டார், கருவிகளை அமைத்தார், ஏன், எவ்வாறு என்று கேட்டுக் கற்றார். ராமனோடு சேர்ந்து கட்டுரைகள் எழுதினார். 1919ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்வேட்டில், அதிர்வெண்ணை நேராக அளக்கும் ஒரு புதிய முறையைப்பற்றிய கட்டுரை வெளிவந்தது. அதனை எழுதியவர் பெயர் ஆசுதோஷ் டே. அவர் ஒருவர் பெயர் மட்டுமே. ராமன் பிற்காலத்தில் இதனைப் பெருமையுடன் நினைவுகூர்ந்ததுண்டு. அந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுவே. ராமன் தம் பெயரையும் அதில் சேர்த்துக்கொண்டிருந்தால் அக்காலத்தில் எவரும் வியந்திருக்க மாட்டார்கள். சேர்த்துக்கொள்ளாததும் ஒரு பொறுப்புணர்ச்சிதான்.

இதிலிருந்து மற்றொரு பக்கமும் தெரிகிறது. தட்டுபவனை மட்டும் நாம் ஆராய்கிறோம். கதவுக்குப் பின்னால் இருப்பவனை ஆராய்வதில்லை. அமிர்தலால் அன்று, 'ஓர் அரசாங்க அலுவலர்க்கு இங்கென்ன வேலை?' என்று கேட்டிருந்தால்? தம்பிக்கு எட்டு மாதமாகத் தலைப்புத் தராதவர்களின் பொறுப்பை, தம்பியின் முனைப்பின்மையைச் சொல்லித் தள்ளிவிட முடியாது. தலைப்புக் கேட்டுக் காத்திராமல், ஆய்வகத்தில் பயனின்றிக் கிடக்கும் கருவி யாது, அதைக்கொண்டு எந்தச் சிறு அளவையைச் செய்யலாம், அதற்கு எத்தனை நாளாகும் என்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போகுமாறு நான் அவரிடம் கூறினேன். வெறுங்கையோடு வரும் கேள்விக்குப் 'பார்க்கலாம்' என்று விடை சொல்வது எளிது. எழுத்தில் உள்ளதற்கு அவ்வாறு சொல்வது சற்றுக் கடினம். அதற்கும் கதவு திறக்கவில்லையெனில், துறைத்தலைவரிடம் எழுத்தில் முறையிடுவதும் அவருடைய உரிமை. அதனை முரட்டுத்தனம் என்று எவரேனும் சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

ஏனெனில் ராமனே ஒருகால் கதவுக்குப் பின்னால் இருந்தார். 1933இல் அவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர் ஆனார். அவ்வாண்டு பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சிறப்பாகத் தேறிய கமலா பாகவத் என்னும் மாணவி ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்தார். பெண் என்னும் ஒரே காரணத்தால் ராமன் இடம் மறுத்தார். தாமே ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்து உள்ளே நுழைந்தவர் இவ்வாறு செய்தது வருந்தத்தக்கது. அந்த மாணவி அழுதுகொண்டு ஊர் திரும்பவில்லை. நேரே வந்து, எந்த விதியின்படி மறுக்கிறீர்கள் என்று வாதாடினார்; இடம் தரும்வரை விடவில்லை. முதலாண்டு முறையான மாணவியாகக் கருதப்படமாட்டார், வழிகாட்டி வேண்டும்போது இரவிலும் வேலை செய்ய வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளோடு ராமன் இசைந்தார். அந்நிபந்தனைகள் இழிவானவை என்பதை அவர் உணர்ந்தே இருந்தார். பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். ஆயினும் அந்த ஓராண்டில் பாலிலும் பருப்பிலும் உள்ள புரதங்களை ஆராய்ந்து தம் வேலையை நிலைநாட்டினார். ஆண்டு முடிவில் ராமனுக்கு மறுப்பேதும் எஞ்சவில்லை. கமலா பிறகு கேம்பிரிட்ஜ் சென்று 1939இல் முனைவர் பட்டம் பெற்றார். அவருக்குப் பின் வந்த பெண்களுக்குப் பெங்களூரில் இடம் கிடைத்தது.